நீலக் கட்டத்தின் தேதி: தர்மபுரியில் ஒரு செயற்கைக்கோள் வரைபடமும் ஒரு மாந்தோப்பும்

பின்னணி

தர்மபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் நான் இயற்பியல் எடுக்கிறேன். முதுகலை கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு புராஜெக்ட் முடித்து வாய்மொழித் தேர்வுக்கு உட்கார வேண்டும். 2022 டிசம்பரில் என்னிடம் ஒதுக்கப்பட்ட மூன்று பேரில் ஒருவர் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்து மாணவி. வழக்கமான மெல்லிய படலத் தலைப்பு வேண்டாம், கம்ப்யூட்டரில் செய்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள் சார் என்றார். விண்வெளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அளக்கும் தரவு இலவசமாகக் கிடைக்கிறது, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டத்துக்கும் அது என்ன சொல்கிறது என்று பார் என்று நான்தான் சொன்னேன்.

இந்த அளவீடு எப்படி நடக்கிறது என்பதை அவருக்கு எங்கள் ஆய்வகத்திலேயே காட்ட முடிந்தது. ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கிரேட்டிங்கை வைத்து சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைப் பார்க்கிறோம் அல்லவா, ஏறக்குறைய அதே வேலைதான். வெயில் காற்று மண்டலத்தைத் துளைத்து இறங்கி, தரையில் பட்டு, மறுபடி மேலே போகிறது. போய் வரும் வழியில் கார்பன் டை ஆக்சைடு தனக்கென்று உள்ள சில நிறங்களை மட்டும் தின்றுவிடுகிறது. மேலே இருக்கும் கருவி அந்த ஒளியைப் பிரித்து, 1.61, 2.06 மைக்ரான் அலைநீளங்களில் எவ்வளவு இருட்டு விழுந்திருக்கிறது என்று பார்க்கிறது. கூடவே 0.76 மைக்ரானில் ஆக்சிஜன் தின்ற அளவையும் பார்க்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றுதான் என்பதால் அது அளவுகோலாகிறது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் பாதி. இரண்டு இடத்திலும் தலைக்கு மேல் உள்ள காற்றின் அளவு வேறு. ஆக்சிஜனோடு ஒப்பிட்டு விகிதமாகச் சொல்வதால் அந்த வித்தியாசம் கழிந்துவிடும். கிடைக்கும் எண் தரையோரக் காற்றுக்கானது அல்ல, தரையிலிருந்து உச்சி வரை நிற்கும் முழுத் தூணுக்கும் சேர்த்த சராசரி. இந்தக் கடைசி வரியை அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இந்த வேலைக்கென்றே முதலில் பறந்தது ஜப்பானின் கோசாட், 2009 ஜனவரியில். அதன் செல்லப் பெயர் இபுகி, மூச்சு என்று பொருள். அடுத்த மாதமே நாசா அனுப்பிய ஓசிஓ, ராக்கெட்டின் மூக்குக் கூடு கழலாமல் கடலில் விழுந்தது. அதே வடிவத்தில் மறுபடி செய்த ஓசிஓ-2, 2014 ஜூலையில் ஏவப்பட்டது. அதற்கென்று எடுத்து வைத்திருந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு கட்டிய ஓசிஓ-3, 2019 மே மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓசிஓ-2 பதினாறு நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பும். பகல் தடங்களுக்கு இடையே நம் அட்சரேகையில் 170 கிலோமீட்டர் போல இடைவெளி, தடத்தின் அகலமோ அதிகம் போனால் 10 கிலோமீட்டர். ஆகவே இரு மாவட்டங்களையும் சேர்த்தால்கூட ஒரு தடம் விழுந்தால் உண்டு. விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஓசிஓ-3 ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம், வேறு வேறு நேரம் என்று கடக்கும். மாவட்டத்தின் வெவ்வேறு பகுதிகள் கிடைக்கும் என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். பின்னால் வந்த வினைக்கு விதை இங்கேதான் விழுந்தது.

முதல் வரைபடம்

நாசாவின் கோடார்டு தரவு மையத்தில் கணக்கு தொடங்கினால் கோப்புகள் கிடைக்கும். நாளொன்றுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே கோப்பு. கல்லூரி இணையம் மதியத்துக்கு மேல் நகராது என்பதால், மாணவி விடுதி மொட்டை மாடியில் செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு ராத்திரியில் இறக்கினார். மூன்று ஆண்டுக் கோப்புகள். பெரும்பாலான நாட்களில் நம் பக்கத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. விண்வெளி நிலையம் அன்று வேறு பக்கம் போயிருக்கும், அல்லது மேகம் மறைத்திருக்கும். மேகம் இருந்தால் ஒளி தரையைத் தொடாமலே திரும்பிவிடும், அந்த அளவீடு குப்பைக்குத்தான். இந்தக் கருவிகள் எடுக்கும் அளவீடுகளில் பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம்.

பிப்ரவரி நடுவில் ஒரு வரைபடம் தயாரானது. இரு மாவட்டங்களையும் சுமார் 11 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்த எல்லா எண்களையும் சராசரி எடுத்து, குறைவு நீலம், அதிகம் சிவப்பு என்று வண்ணம் கொடுத்திருந்தார். பாதிக் கட்டங்கள் வெள்ளையாக, தரவே இல்லாமல் கிடந்தன. ஓசூர் பக்கம் சிவப்பு. பெண்ணாகரம் மலைகளிலிருந்து பாலக்கோட்டுக்கு மேற்கு வரை நீலம். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 6 பிபிஎம் வித்தியாசம் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

பார்த்த யாருக்கும் ஆச்சரியமே வரவில்லை. ஓசூரில் தொழிற்பேட்டை, லாரி, பெங்களூரு நெரிசல். ஒகேனக்கல் பக்கம் காடு. அப்படித்தானே இருக்கும் என்று தலையாட்டினோம். நானும்தான். நினைத்ததற்கு மாறாக வந்திருந்தால் அன்று மாலையே உட்கார்ந்து நிரலை வரி வரியாகப் பார்த்திருப்போம்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் கண்காட்சியில் அந்த வரைபடத்தை ஃபிளெக்ஸில் அச்சடித்து மாட்டினோம். மேலே தலைப்பு, கீழே மாணவியின் பெயர், துறையின் பெயர். அளவீடு எந்தெந்த நாளுக்கானது என்று எங்கும் இல்லை. ஃபிளெக்ஸ் வடிவமைப்பை அச்சுக்கு அனுப்பும் முன் பார்த்து ஒப்புதல் கொடுத்தவன் நான்.

வந்த கோரிக்கை

மார்ச் முதல் வாரத்தில் மாணவியின் பெரியப்பா முறை உள்ள ஒருவர் துறைக்கு வந்தார். அந்த வட்டாரத்து உழவர் உற்பத்தியாளர் குழுவின் தலைவர், அறுபதைத் தாண்டியவர். குழுவில் பலருக்கும் மாந்தோப்பு. பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. முந்தைய இரண்டு பருவங்களாக ஆலை கொடுத்த விலை பறிகூலிக்கும் வண்டிவாடகைக்குமே சரியாகப் போனது என்றார். அந்த நேரம் பார்த்து, மரத்துக்குக் கார்பன் கிரெடிட், அதாவது மரம் இழுத்து வைக்கும் கார்பனுக்கு விற்கக்கூடிய சான்று, வாங்கித் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தின் ஆள் ஊருக்குள் வந்திருக்கிறார். பதிவுக்கு ஏக்கர் கணக்கில் முன்பணம். ஏழெட்டுப் பேர் கட்டியும் விட்டார்கள்.

ஃபிளெக்ஸின் புகைப்படம் குடும்ப வாட்ஸ்அப் வழியாக அவருக்கும், அவரிடமிருந்து அந்த ஆளுக்கும் போயிருந்தது. “எங்க ஊரு நீலத்துல இருக்குது சார். எங்க தோப்பு காத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு சேட்லைட்டே சொல்லுது. அதையே காலேஜ் லெட்டர்பேடுல ஒரு கடுதாசியா குடுத்தீங்கன்னா, மிச்சத்தை அந்தத் தம்பி பாத்துக்குவாரு” என்றார். மாணவி பக்கத்தில்தான் நின்றார். முகத்தில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்றேன். சந்தேகம் வந்து அப்படிச் சொன்னதாக எழுத ஆசைதான். உண்மையில், கடிதம் என்றால் முதல்வர் கையெழுத்து வேண்டும், அவர் ஊரில் இல்லை.

சோதனையில் கண்டது

புவியியல் துறை ஆசிரியை ஒருவர் தேநீர் நேரத்தில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்த நீலம் எந்த மாசம் சார்?” எனக்குத் தெரியவில்லை. மாணவியைக் கேட்டேன். அவருக்கும் உடனே சொல்ல வரவில்லை, ஏனென்றால் நிரல் கட்டம் கட்டமாகச் சராசரி எடுக்கும்போது தேதியைத் தூக்கிப் போட்டுவிட்டது. அன்று மாலை திரும்ப ஓட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே எந்தெந்த நாள், எத்தனை அளவீடு என்று பட்டியலிட்டார். ஒரு பக்கத்துக்குள் முடிந்தது அந்தப் பட்டியல்.

நீலக் கட்டங்கள் எல்லாம் ஒரே நாள், ஒரே கடப்பு: 2020 அக்டோபர், மழை விட்டு வானம் வெளுத்திருந்த ஒரு நாள். ஓசூர்ச் சிவப்பு முழுவதும் 2022 ஏப்ரலில் இரண்டு நாள்.

இதற்கு மேல் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. உலகம் முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கு இரண்டு, இரண்டரை பிபிஎம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் பருவத்தின் ஏற்ற இறக்கம் ஒன்று உண்டு: வட அரைக்கோளத்தின் செடிகொடிகள் கோடையில் தழைத்து இழுப்பதால் செப்டம்பர், அக்டோபரில் தாழும், பிறகு ஏறி ஏப்ரல், மே மாதங்களில் உச்சம் தொடும். எங்கள் நீலம் தாழ்வில், சிவப்பு உச்சத்தில், நடுவே ஒன்றரை ஆண்டு. 1958-இலிருந்து அளவெடுத்து வரும் ஹவாயின் மௌனா லோவா பதிவைப் பார்த்தோம். 2020 அக்டோபரில் மாதச் சராசரி 411.5 பிபிஎம், 2022 ஏப்ரலில் 420. பசிபிக் நடுவே, பக்கத்தில் ஓசூரும் இல்லாத பெண்ணாகரமும் இல்லாத மலையிலேயே 8 பிபிஎம்முக்கு மேல் வித்தியாசம். முழுத் தூணின் சராசரியில் பருவ அலை கொஞ்சம் அடங்கித் தெரியும் என்பதால் எங்களுக்கு 6 வந்திருக்கிறது. நாங்கள் ஃபிளெக்ஸில் அடித்து மாட்டியது ஒரு நாட்காட்டி.

இன்னும் இரண்டு ஓட்டைகள் கண்ணில் பட்டன. கோப்பில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு தரக் குறி உண்டு, 0 என்றால் வைத்துக்கொள், 1 என்றால் தள்ளு. மாணவி அந்த வடிகட்டியைப் போடவில்லை. புள்ளிகள் மிகக் குறைவாக இருந்ததால் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டேன் சார் என்றார். வடிகட்டியதும் மலைப் பகுதியில் பாதிக்கு மேல் காலி. மற்றது மலையைப் பற்றியது. ஓர் அளவீட்டின் தரைப்பரப்பு ஒன்றரை கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் போல. மலைச்சரிவில் அந்தப் பரப்புக்குள்ளேயே நூற்றுக்கணக்கான மீட்டர் ஏற்ற இறக்கம் இருக்கும். கருவி பார்க்கும் திசை கொஞ்சம் பிசகினாலும் தரையின் உயரம் தப்பாகும். பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு மில்லிபார் அழுத்தம், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே விகிதத்தில் பிசகினால் 0.4 பிபிஎம். ஓசிஓ-2 குழுவினரே கரடுமுரடான நிலப்பகுதிகளில் இந்தப் பிழையைக் கண்டுபிடித்து அடுத்த பதிப்பில் திருத்தம் செய்திருக்கிறார்கள். ஒகேனக்கல் மலைகளில் 1 பிபிஎம்முக்குக் கீழ் எதையாவது கண்டதாகச் சொல்பவர் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, தேதியைச் சரிக்கட்டினால் என்ன மிஞ்சும்? பின்லாந்து ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் சுற்றுவட்டாரப் பெரும்பரப்பின் நடு மதிப்பை எடுத்து, அந்த நாளின் எல்லா அளவீடுகளிலிருந்தும் கழித்துவிடுவது. மாணவி தென்னிந்தியா முழுவதையும் சுற்றுவட்டாரமாக வைத்துக் கழித்தார். 6 பிபிஎம் வித்தியாசம் ஒன்றுக்கும் கீழே வந்தது. தனித்தனி அளவீடுகளின் தடுமாற்றமே ஏறக்குறைய அந்த அளவு. நீலம் போய்விட்டது.

பதினைந்து கிராம்

வரைபடம் தப்பு என்று தெரிந்தபின் மாணவி கேட்டது நியாயமான கேள்வி. “நம்ம டேட்டா சரியில்ல சார், ஒத்துக்கிறேன். நல்ல டேட்டா கிடைச்சா, பெரியப்பா தோப்பு தெரியுமா, தெரியாதா?” அதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்தோம். இந்தப் புராஜெக்டில் எனக்கு மிகவும் பிடித்த மதியம் அது.

ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் நிற்கும் மொத்தக் காற்று சுமார் பத்து டன். அதில் கார்பன் டை ஆக்சைடு ஆறு கிலோ சொச்சம். கணக்குப் போட்டால் ஒரு பிபிஎம் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிராம். டீக்கு மூன்று கரண்டி சர்க்கரையின் எடை. உச்சி வெயிலில் செழித்து நிற்கும் பயிர் ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும். தோப்புக்கும் அதே அளவு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தோப்பின் குறுக்களவு அரை கிலோமீட்டர். காற்று விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வீசினால், தோப்பைத் தாண்ட அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. அதற்குள் அந்தக் காற்றிலிருந்து தோப்பு இழுத்திருப்பது சதுர மீட்டருக்கு 0.15 கிராம். அதாவது ஒரு பிபிஎம்மில் நூறில் ஒரு பங்கு. கருவி நிதானமாகப் பார்க்கக்கூடியது அரை பிபிஎம், ஒரு பிபிஎம். அது போக, ராத்திரியில் மரம் மூச்சு விடுவதை இந்தக் கருவி பார்ப்பதே இல்லை, அதற்கு வெயில் வேண்டும்.

அப்போ எதுதான் தெரியும் என்றார். மேட்டூரைப் போட்டுப் பார்த்தோம். அங்கே அனல்மின் நிலையத்தின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட். முழு வீச்சில் ஓடினால் மணிக்கு 1,300 டன் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வரும். அதே காற்றில் ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவினால் சதுர மீட்டருக்கு 24 கிராம், ஒன்றரை பிபிஎம். தெரியும், தடம் சரியாகக் காற்றுத் திசையில் குறுக்கே விழுந்தால். மத்தியப் பிரதேசத்தின் சாசன் அனல்மின் நிலையத்தின் புகையை ஓசிஓ-2 தரவிலிருந்து கணக்கிட்ட ஆய்வு 2017-இல் வந்திருக்கிறது. எங்கள் கோப்புகளில் மேட்டூருக்கு அப்படி ஒரு தடம் அகப்படவில்லை. மாணவிக்கு அதில் ஏமாற்றம்தான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

வரைபடத்தை அன்றே இறக்கினோம். கடிதம் கொடுப்பதில்லை என்பதிலும் விவாதம் இல்லை. விவாதம் வந்தது எப்படிச் சொல்வது என்பதில். துறையில் ஒருவர், கடிதம் தரும் வழக்கம் கல்லூரிக்கு இல்லை என்று நிர்வாகக் காரணம் சொல்லி முடித்துவிடலாம், தப்பு நடந்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். மாணவி வேறு வழி சொன்னார்: வரைபடத்தைக் கொடுத்து, “இது தோப்பின் விளைவைக் காட்டாது” என்று அடியில் ஒரு குறிப்புப் போட்டுவிடலாம். அவருக்கு வீட்டிலிருந்து வந்த நெருக்கடி எனக்குத் தெரியும். முதலாவதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் புகைப்படம் ஏற்கெனவே ஊருக்குள் சுற்றுகிறது. அதை நம்பிப் பணம் கட்டுபவருக்கு எங்கள் நிர்வாக விதி என்ன ஆகப் போகிறது? இரண்டாவதையும் ஏற்கவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறினால் அடிக்குறிப்பு வெட்டுப்படும், வண்ணம் மட்டும் நிற்கும்.

நேரில் போய்ச் சொல்வது என்று முடிவானது. சொல்லப்போவது நான், மாணவி அல்ல. பெரியப்பா முறை உள்ளவரிடம் “உங்கள் ஊர் நீலம் இல்லை” என்று அந்தப் பெண்ணைச் சொல்ல விடுவது முறையல்ல. புராஜெக்டின் தலைப்பையும் மாற்றினோம்: இரு மாவட்ட ஒப்பீடு என்று இருந்ததை, அந்த ஒப்பீடு ஏன் செல்லாது என்பதாக. தரவை மறுபடி இறக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

தோப்பில்

மார்ச் கடைசி ஞாயிறு. பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தன. பம்ப்செட் கொட்டகை நிழலில் பதினைந்து பேர் போல உட்கார்ந்திருந்தார்கள், நிறுவனத்தின் ஆளும் வந்திருந்தார். ஒரே நாளின் அளவை இன்னொரு ஆண்டின் வேறு மாதத்து அளவோடு ஒப்பிட்டுவிட்டோம், தப்பு எங்களுடையது என்று ஆரம்பித்தேன். பிபிஎம் யாருக்கும் பிடிபடவில்லை. அப்புறம் தலைவரே வேறு மாதிரிச் சொன்னார்: “போன ஐப்பசியில எங்கிணத்துத் தண்ணிய அளந்து, இந்தச் சித்திரையில உங்கிணத்துத் தண்ணிய அளந்து, எங்கிணறுதான் ஒசத்தின்னு சொன்ன கதை. அதானே சார்?” அதேதான். நான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த உதாரணம்.

நிறுவனத்தின் ஆள் கோபப்படவில்லை. செயற்கைக்கோள் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது, மரத்தை அளந்து கணக்குப் போடலாம் என்றார். அது உண்மையும்கூட, மரத்தில் சேர்ந்த கார்பனுக்கு அடிப்படை அளவீடு நாடாதான். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் கேட்டேன். இந்தத் தோப்புகள் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளாக நிற்கின்றன. கிரெடிட் என்பது அந்தத் திட்டம் வராவிட்டால் நடந்திருக்காத ஒன்றுக்குக் கிடைப்பது. ஏற்கெனவே நிற்கும் தோப்புக்கு எந்த விதியின்படி தருவீர்கள்? மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அன்றைக்கே நாடாவை எடுத்தோம். காட்டு மரத்தைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், மார்பளவில் சுற்றளவு எடுப்பது வனத்துறை வழக்கம். ஒட்டு மாமரம் அந்த உயரத்துக்கு முன்பே மூன்று, நான்கு கிளையாகப் பிரிந்துவிடுகிறது. முதல் மரத்திலேயே மாணவி நாடாவோடு குனிந்து நிமிர்ந்து திகைத்தார். “கவைக்குக் கீழ புடி பாப்பா, ஒட்டுக் கட்டுன முண்டு இருக்கும் பாரு, அதுக்கு மேல” என்று தலைவர் காட்டிக் கொடுத்தார். எந்த இடத்தில் அளந்தோம் என்பதைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் குறித்தோம், நோட்டில் தேதியோடு எழுதினோம். தேதியை மாணவி, யாரும் சொல்லாமலே, முதலில் எழுதினார்.

பிறகு நடந்தது

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னவர் அதன்பின் குழுவைத் தேடி வரவில்லை. புதிதாக யாரும் பணம் கட்டவில்லை. ஏற்கெனவே கட்டியவர்களில் சிலருக்குத் திரும்பி வந்தது. இரண்டு பேருக்கு நான் கடைசியாக விசாரித்தவரை வரவில்லை. அதில் ஒருவர் ஃபிளெக்ஸ் படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டியவர்.

குழு அளவெடுப்பதை நிறுத்தவில்லை. பழைய தோப்புகளை விட்டுவிட்டு, வரப்பில் புதிதாக வைத்த கன்றுகளுக்கு மட்டும் தனி நோட்டுப் போட்டிருக்கிறார்கள். அதற்குக் காசு வருமா என்பது வேறு விஷயம். எந்த வரிசையில் கன்று பட்டுப் போனது என்று பார்க்க உதவுகிறது என்கிறார் தலைவர்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஆறு மாத வேலையில் முடிவு பூஜ்யமா என்று கேட்டார். “இல்ல சார், பதினஞ்சு கிராம்” என்றார் மாணவி. பிறகு கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டினார். மதிப்பெண் குறையவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

என் மாணவர்கள் இப்போது வரைபடம் போடும் முன் ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி, அளவீட்டு எண்ணிக்கை இரண்டையும் அட்டவணையாகக் காட்ட வேண்டும். ஒரே நாள் மட்டும் விழுந்த கட்டத்துக்கு வண்ணம் கிடையாது. தரக் குறி 1 உள்ளவை முதல் வரியிலேயே கழிய வேண்டும். புள்ளி குறைந்தால் குறையட்டும். பருவமும் ஆண்டு ஏற்றமும் கழிக்காமல் இரண்டு இடத்தை ஒப்பிடுவதில்லை. எதிர்பார்க்கும் விளைவு எத்தனை பிபிஎம் என்று முதல் வாரமே காகிதத்தில் போட வேண்டும். அந்தக் கால் மணி நேரக் கணக்கை டிசம்பரிலேயே போட்டிருந்தால், மேட்டூரைப் பற்றி ஒரு நல்ல புராஜெக்ட் கிடைத்திருக்கும், தோப்பைப் பற்றி யாரும் பேசியே இருக்க மாட்டோம்.

கண்காட்சிக்குப் போகும் படத்தை வேறு துறை ஆசிரியர் ஒருவர் பார்த்துக் கேள்வி கேட்ட பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறோம். பெரும்பாலும் அந்தப் புவியியல் ஆசிரியைதான். அவர் இன்னும் முதலில் மாசத்தைத்தான் கேட்கிறார்.

இறக்கிய ஃபிளெக்ஸின் பின்பக்கம் இப்போது ஆய்வகத்தில் வெயில் மறைப்பாகத் தொங்குகிறது. புகைப்படத்தை மட்டும் இறக்க வழி தெரியவில்லை. போன மாதம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் அதைக் கைபேசியில் காட்டி, எங்கள் ஊர் எந்த நிறம் சார் என்று கேட்டார். வெள்ளை என்றேன், அங்கே தரவே இல்லை.